ஊரார் சம்பளம்

ஆஸ்டின் டவுன், பெங்களூர்
12 ஜூலை 1943

கர்த்தருக்குள் அன்பான யூனிஸ் அக்காவுக்கு, தம்பி சிரில் எழுதுவது.

நாங்கள் எல்லோரும் அவர் கிருபையால் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி, அத்தானின் இருமல், வேலூர் வெயில் இந்த மூன்றும் எப்படி இருக்கின்றன? இங்கே அரிசி விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது. என் வீட்டுக்காரி பெட்டி ஒவ்வொரு முறை அரிசிப் பானையைத் திறக்கும்போதும் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள், நான்தான் எங்கேயோ ஒளித்து வைத்திருப்பதுபோல.

ஒரு நல்ல செய்தி. எங்கள் விட்காம் கம்பெனியில் பட்டாளத்துச் சட்டை தைக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து பஞ்சப்படி கேட்டார்கள். துரை சம்பள கிளார்க் என்ற முறையில் என்னைக் கூப்பிட்டார். "ஊரில் மற்றக் கம்பெனிகள் என்ன கொடுக்கின்றன என்று தெரியாமல் நான் எப்படிக் கொடுப்பது? சம்பளம், போனஸ், லீவு, இதர சலுகை எல்லாவற்றையும் விசாரித்து எழுதிக் கொடு. ஊர் கொடுப்பதை நாமும் கொடுப்போம். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்" என்றார்.

எந்தக் கம்பெனி ஆபீசில் போய்க் கேட்டாலும் வாட்ச்மேனே திருப்பி அனுப்பிவிடுவான். ஆனால் நான் சபைப் பொருளாளர் அல்லவா? பிஸ்கட் கம்பெனி, தோல் கம்பெனி, அச்சுக்கூடம் என்று எல்லா இடத்து ஆட்களும் நம் கோயிலில்தான் உட்காருகிறார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று சந்தா வாங்குவேன், அப்போதே இதையும் கேட்டுவிடலாம். மற்ற இடங்களில் நம்மைவிட அதிகம் கொடுக்கிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். எழுத்தில் காட்டிவிட்டால் துரை கொடுத்துத்தானே ஆகவேண்டும்!

நம் தங்கை நோரா வழக்கம்போல் தினமும் எங்கள் கம்பெனித் தையல் ஷெட்டுக்குப் போய் வருகிறாள். மார்ச்சில் அவள் புருஷன் சில்வெஸ்டர் லீவு முடிந்து பட்டாளத்துக்குத் திரும்பியதிலிருந்து எங்களோடுதான் இருக்கிறாள். அவன் அனுப்பும் பணம் அவன் அம்மாவுக்கே சரியாகப் போகிறது. ஆனாலும் இவள் கைச்சம்பளம் இருப்பதால் யார் கையையும் பார்க்காமல் தலைநிமிர்ந்து இருக்கிறாள்.

உங்கள் ஜெபத்தில் எங்களை மறவாதிருங்கள்.
அன்புத் தம்பி,
சிரில்

வேலூர்
19 ஜூலை 1943

அன்புள்ள தம்பி சிரிலுக்கு, அக்கா யூனிஸின் ஆசீர்வாதம்.

என் முழங்கால் என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்து போகிறது. அத்தானின் இருமல் அவருக்கு முன்னால் வீட்டுக்குள் நுழைகிறது. மற்றபடி சுகம்.

ஊரார் சம்பளத்தை விசாரிப்பதற்குச் சம்பளம் வாங்குகிற முதல் ஆள் நம் குடும்பத்தில் நீதான். இங்கே பெண்கள் அதைச் சும்மாவே செய்கிறோம். போகட்டும். உன் விசாரணையால் நாலு பேர் வீட்டில் இன்னொரு பிடி அரிசி வேகும் என்றால் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

நோரா ஏன் எழுதுவதில்லை? இரண்டாவது முறையும் கரு கலைந்துபோன பிறகு அவள் கடிதங்கள் சுருங்கிவிட்டன. இப்போது அதுவும் நின்றுவிட்டது. அவளை அதட்டாமல் எனக்கு ஒரு வரி எழுதச் சொல்.

பெட்டிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.
யூனிஸ்

ஆஸ்டின் டவுன்
9 ஆகஸ்ட் 1943

பிரியமான அக்காவுக்கு, ஸ்தோத்திரம். இங்கே எல்லோரும் சுகம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன்.

அக்கா, நான் திகைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன். நாம் கேள்விப்பட்டதெல்லாம் பொய்! ஊரிலேயே அதிகம் வாங்குகிறவர்கள் எங்கள் கம்பெனிக்காரர்கள்தான்.

பிஸ்கட் கம்பெனி ஆம்ப்ரோஸைத் தெரியுமல்லவா? பட்டு டை கட்டிக்கொண்டு முதல் பெஞ்சில் உட்காருவாரே, அவர்தான். பையன் பியானோ கற்றுக்கொள்கிறான். அவரிடம் கேட்டேன். "இன்னா சிரில் சார், நம்பகிட்ட போய் கேக்குறீங்க? சண்டைக்கு முன்னால குடுத்த அதே சம்பளம்தான் சார்" என்றார். போனஸ் உண்டா என்றேன். "கனாவுல குடுப்பாங்க" என்றார். பெண்களுக்குப் பிரசவ லீவு? "அதெல்லாம் உங்க கம்பெனில மட்டும்தான் சார், குடுத்து வச்சவங்க!" தோல் கம்பெனி நாணு, அச்சுக்கூடத்து ஆட்கள் எல்லோரும் இதே பாட்டு. ஒருவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

எனக்கும் மனசு கேட்கவில்லை. பிரசவத்துக்கு எட்டு வாரம் முழுச் சம்பளத்தோடு லீவு கொடுக்கிற நம் துரை எங்கே, இவர்கள் முதலாளிகள் எங்கே! ஆம்ப்ரோஸின் சந்தாவைக்கூட இந்த மாதம் கொஞ்சம் குறைத்துப் போட்டுக்கொண்டேன்.

கேட்டதைக் கேட்டபடி ஒரு எழுத்து மாறாமல் எழுதி முடித்துவிட்டேன். இந்த வாரம் துரையிடம் கொடுக்க வேண்டும். பஞ்சப்படி வராது என்பதுதான் வருத்தம். ஆனாலும் உண்மை உண்மைதானே.

நோரா சுகம். எழுதுகிறேன் என்றாள்.
சிரில்

வேலூர்
12 ஆகஸ்ட் 1943

சிரில்,

நலம் விசாரிக்க நேரமில்லை. அந்தக் காகிதத்தைத் துரையிடம் கொடுக்காதே.

நீ கேட்டது சந்தா வாங்குகிற இடத்தில் நின்றுகொண்டா? சந்தா நோட்டைக் கையில் வைத்துக்கொண்டா? நம் சபைகளில் சந்தா எப்படி? ரூபாய்க்கு ஓரணா. போனஸுக்கும் உண்டு, பஞ்சப்படிக்கும் உண்டு, லீவுச் சம்பளத்துக்கும் உண்டு. உன் அத்தானிடம் எங்கள் பொருளாளர் சம்பளம் கேட்கும்போதெல்லாம் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அவர் சொல்கிற தொகையில் இந்த வீட்டின் வாடகையைக்கூடக் கொடுக்க முடியாது. அத்தனை வருத்தமாகச் சொல்வார், கேட்கிற எனக்கே அவர்மேல் இரக்கம் வந்துவிடும்.

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் பொருளாளர் கேட்டால் அவர் வாயில் அப்படித்தான் வரும். உன் ஆம்ப்ரோஸும் அப்படியே. பியானோவுக்கு ஆகாயத்திலிருந்தா பணம் விழுகிறது? நீ துரைக்காகக் கேட்டாய், அவர்கள் பொருளாளருக்குப் பதில் சொன்னார்கள்.

கொடுக்காதே. கொடுக்கவில்லை என்று உடனே எழுது.
யூனிஸ்

ஆஸ்டின் டவுன்
3 செப்டம்பர் 1943

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாளே கொடுத்துவிட்டேன். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள், கையில் பேனா நிற்கவில்லை.

துரைக்கு ரொம்பத் திருப்தி. என் தோளைத் தட்டிக்கூடக் கொடுத்தார். மறுவாரம் கம்பெனி கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஊரில் எங்கும் அதிகம் கொடுக்காததால் பஞ்சப்படி கிடையாது. அதோடு நிற்கவில்லை, அக்கா. ஊரில் இல்லாத சலுகைகள் இங்கேயும் வேண்டாம் என்று பிரசவ லீவை அடியோடு எடுத்துவிட்டார்கள். எந்தக் காரணத்துக்கானாலும் பதினைந்து நாள் வராதவர்கள் பெயரை அடித்துவிட்டு வேறு ஆள் எடுப்பார்களாம். கேட்டுக்கு வெளியே வேலை கேட்டு நிற்கிற கூட்டம் உங்களுக்குத் தெரியாது. நோட்டீஸை எழுதியதும் நான்தான். என் கையெழுத்து அழகாக இருக்குமாம்.

அன்று மாலையே ஆம்ப்ரோஸ் வீட்டுக்குப் போனேன். நீங்கள் எழுதியதை நான் முழுக்க நம்பவில்லை, அக்கா. கோயில் வாசலில், கையில் பாட்டுப் புத்தகத்தோடு, இத்தனை பேருமா பொய் சொல்வார்கள்? "நிஜமாகவே உங்கள் சம்பளம் என்ன?" என்று கேட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து சிரித்தார்.

"சந்தா நோட்டை கக்கத்துல வச்சிக்கினு வந்து சம்பளம் இன்னான்னு கேட்டா, எவன் சார் நெசத்தைச் சொல்லுவான்? நீங்க கம்பெனிக்காகக் கேக்குறீங்கன்னு நான் கண்டனா?"

"சொன்னேனே ஐயா!"

"சொன்னீங்க. நோட்டும் கையில இருந்திச்சே!"

உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள், துரையிடம் காட்டுகிறேன் என்று கெஞ்சினேன். "போட்டுக் குடுத்தா நாளைக்கிப் போதகர் பழைய பாக்கியெல்லாம் கேப்பாரு. நம்பளை உட்டுடுங்க சார்" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். நாணு வீட்டில் கதவே திறக்கவில்லை. துரையிடம் போய் நான் எழுதியது தப்பு என்றேன். "எழுத்தில் ஆதாரம் இருக்கிறதா?" என்றார். இல்லை.

வீட்டில் எல்லோரும் சுகம்.
சிரில்

வேலூர்
10 செப்டம்பர் 1943

தம்பி சிரிலுக்கு,

உன் கடிதம் வந்தது. உன்னைத் திட்டவும் மனசு வரவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. அப்பாவைப்போலவே நீயும் யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுகிறாய்.

பஞ்சப்படி போனால் எல்லோருக்கும் வயிறு கொஞ்சம் காயும். ஆனால் அந்த ஷெட்டில் இப்போது பிள்ளை உண்டாகியிருக்கிறவர்கள் கதி என்ன? பெற்றுப்போட்டுவிட்டு இரண்டு வாரத்தில் மெஷினில் வந்து உட்கார வேண்டுமா? அப்படி யாராவது இருக்கிறார்களா? விசாரித்து எழுது.

எல்லோரும் சுகம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். நோரா பெயரைக் காணோம். அவளுக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை.
யூனிஸ்

ஆஸ்டின் டவுன்
17 அக்டோபர் 1943

என் அருமை யூனிஸ் அக்காவுக்கு நோரா எழுதுவது. உங்கள் சுகத்துக்குத் தினமும் ஜெபிக்கிறேன்.

சிரில் அண்ணன் உங்களுக்கு ஒரு மாதமாகப் பதில் போடவில்லை என்று அண்ணி சொன்னாள். போட மாட்டார். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் நான்தான், அக்கா. எனக்கு ஏழாவது மாதம் முடியப்போகிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு தடவை எல்லோருக்கும் சொல்லி, எல்லோரும் சட்டை தைத்து அனுப்பி, பிறகு எல்லோருக்கும் இல்லையென்று எழுதினோம். இந்தத் தடவை தங்கினால் சொல்லலாம் என்று அண்ணன் வாயையும் அண்ணி வாயையும் நான்தான் கட்டிப் போட்டேன். லேடி டாக்டர் எட்டாவது மாதத்திலிருந்து மெஷினை மிதிக்கக் கூடாது என்கிறாள். எட்டு வாரம் லீவு இருக்கிறதே, பிள்ளையோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று தைரியமாக இருந்தேன். ஒரு நாள் காலையில் கேட்டில் அண்ணன் கையெழுத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மற்றப் பெண்கள்தான் தூக்கிவிட்டார்கள்.

அது எப்படி வந்தது என்று அண்ணன் சொல்லவே இல்லை. சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே இருப்பார். ஆம்ப்ரோஸின் மனைவி ஜோசஃபின் சொல்லித்தான் போன வாரம் எனக்குத் தெரிந்தது.

பிஸ்கட் கம்பெனியில் ஜோசஃபினுக்கு ஆறு வாரம் சம்பளத்தோடு கொடுத்தார்கள். தோல் கம்பெனியில் நாலு வாரம், அதோடு பாலுக்கும் காசு. காலையில் நாங்கள் எல்லோரும் ஒரே ரோட்டில்தான் வேலைக்கு நடக்கிறோம். வேறென்ன பேசுவோம்? எந்தக் கம்பெனியில் பிள்ளைத்தாய்ச்சிக்கு என்ன கிடைக்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அண்ணன் ஊரெல்லாம் கேட்டார், அக்கா. ஆம்பிளைகளை நிறுத்தி நிறுத்திப் பிரசவ லீவைப் பற்றிக் கேட்டார். ஒரே வீட்டில் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த என்னைக் கேட்கவில்லை.

எனக்கு அழுகை வருகிறது. பிறகு எழுதுகிறேன்.
நோரா

வேலூர்
20 அக்டோபர் 1943

சிரில்,

நோரா எழுதிவிட்டாள்.

கடிதத்தை வைத்துக்கொண்டு வகுப்பில் அப்படியே நின்றேன். பிள்ளைகள் பயந்துபோய் வாய்ப்பாட்டைத் தாங்களாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அவள் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. நீ மறைத்ததற்கு என்ன காரணம்? யாராவது இருக்கிறார்களா என்று நான் கேட்டேன். நீ பேசாமல் இருந்துவிட்டாய்.

அவள் முன்னால் போய் உட்கார். என்ன செய்யலாம் என்று அவளைக் கேள். அவள் சொல்வதைச் செய்.
யூனிஸ்

ஆஸ்டின் டவுன்
14 நவம்பர் 1943

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் நோரா முன்னால் போய் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "மன்னிப்பு அப்புறம் கேட்டுக்கலாம் அண்ணா. துரைக்கு எழுத்துதான வேணும்? பிள்ளைங்களையே காட்டுவோம்" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஜோசஃபின் தலைமையில் பிஸ்கட் கம்பெனிப் பெண்கள், தோல் கம்பெனிப் பெண்கள் எல்லோரும் இடுப்பில் குழந்தைகளோடு எங்கள் ஆபீஸ் வராந்தாவில் வந்து நின்றார்கள். துரை வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஜோசஃபின் இடுப்பிலிருந்தவனைத் தூக்கிக் காட்டினாள். "இவன் பொறந்தப்போ ஆறு வாரம், முழுச் சம்பளம். எங்க மேனேஜரையே கேட்டுக்க சொல்லு. நான் பொய் சொன்னா என் பேரை அடிக்கச் சொல்லு" என்றாள். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஒவ்வொருத்தியாக முன்னால் வந்து சொன்னார்கள். கேட்டுக்கு வெளியே ஆம்ப்ரோஸ் பட்டு டையைத் திருகிக்கொண்டு நின்றார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமைச் சந்தாவை நினைத்தோ என்னவோ, முகம் வெளுத்திருந்தது.

"அப்படியானால் இல்லை என்று உன்னிடம் சொன்னது யார்?" என்று துரை கேட்டார். யார் பெயரையும் சொல்லவில்லை. நான் கேட்ட இடம் தப்பு, கேட்ட ஆட்களும் தப்பு என்றேன்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. துரை நியாயமான மனுஷன்தான். காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டார். ஒரு இடத்தில் ஆறு, ஒரு இடத்தில் நாலு, ஆகவே ஊர் வழக்கம் ஐந்து வாரம் என்றார். "நாம் எட்டு கொடுத்துக்கொண்டிருந்தோமே, சார்" என்றேன். "அது ஊருக்கு அதிகம்" என்றார். சரி, ஐந்தாவது வந்ததே என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அப்போதுதான் சொன்னார், வருஷக் கணக்கு புதிதாக ஆரம்பிக்கும் ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் அமலுக்கு வருமாம். அதற்கு முன்னால் பிரசவித்தவர்களுக்குக் கிடையாது.

நோராவுக்கு நாள் டிசம்பர் நடுவில், அக்கா. எவ்வளவோ மன்றாடினேன். ஒருத்திக்காகத் தேதியை மாற்ற முடியாது என்றார். வராந்தாவில் பெண்கள் சிரித்துக்கொண்டு அவள் கையைப் பிடித்து வாழ்த்துகிறார்கள். நான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு அவள் அவர்கள் பிடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். மற்றவர்கள் முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

எட்டு வாரமும் என் சம்பளத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "பதினஞ்சு நாள் தாண்டினா வேலையே போயிடுமே, அப்புறம் வாழ்நாள் பூரா பாத்துப்பீங்களா?" என்றாள். இன்னும் மெஷின் மிதிக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. ஜெபியுங்கள்.
சிரில்

ஆஸ்டின் டவுன்
31 டிசம்பர் 1943

என் பிரியமான அக்காவுக்கும் அத்தானுக்கும், புதுவருஷ ஸ்தோத்திரங்கள்.

தந்தி கிடைத்திருக்கும். பெண் குழந்தை, பதினாலாம் தேதி. நல்ல தொண்டை, ஆஸ்டின் டவுன் முழுக்கக் கேட்கிறது. நோரா முதலில் கொஞ்சம் மோசமாக இருந்தாள். இப்போது தேறிவிட்டாள். ஆனால் எழுந்து நடக்கவே இன்னும் நாளாகும் என்கிறாள் லேடி டாக்டர்.

இதை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் கேட்டில் ஒரு பலகை உண்டு. வேலைக்கு வருகிறவர்கள் அவரவர் பித்தளை டோக்கனை அதில் மாட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். மணி அடித்ததும் நான் பலகையைப் பார்த்து ஆஜர் எழுதுவேன். குழந்தை பிறந்த மறுநாள் நோரா பெயருக்கு நேராக, வரவில்லை என்று முதல் கோடு போடப் பேனாவோடு போனேன். அவள் டோக்கன் மாட்டியிருந்தது.

டோக்கனை அவள் வேலைக்குப் போன கடைசி நாளன்று யாரிடமோ கொடுத்திருக்க வேண்டும். தவறுதலாக மாட்டிவிட்டார்கள் என்று ஷெட் வாசலுக்கு ஓடினேன். நோராவின் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து மெஷின்காரி அதில் உட்கார்ந்திருந்தாள். அவள் மெஷினில் அடுத்தவள், அடுத்தவள் மெஷினில் அதற்கடுத்தவள். வரிசையின் கோடியில் ஒரு மெஷின் காலி. சற்று நேரத்தில் ஒருத்தி எழுந்து போய் அதை ஓட்டினாள், பிறகு இன்னொருத்தி. சாயங்காலம் அந்த வரிசையின் சட்டைக் கணக்கு ஒன்று குறையாமல் வந்தது. மேஸ்திரி ஸ்ரீகண்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்று பூராவும் அது சுத்தமாகவில்லை போலிருக்கிறது.

நான் உள்ளே நுழைந்ததும் எல்லா மெஷினும் நின்றன. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்கு என்னைத் தெரியும். யாருக்காவது ஒரு மணி நேரம் கூடுதலாகப் போட்டுவிட்டாலும் துரை வீட்டுக்கே போய்ச் சொல்லித் திருத்துகிறவன். நான் ஒரு வார்த்தை கேட்டால் போதும், அந்த வரிசையே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் நிறுத்திக் கேள்வி கேட்டவன் நான். அன்று யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்து, நோரா பெயருக்கு நேராக ஆஜர் என்று எழுதினேன். எழுத்து அழகாக வரவில்லை. இன்றைக்குவரை தினமும் எழுதிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் நோராவும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சோறு போடும்போது மட்டும், முன்பெல்லாம் போடாத அந்த இரண்டாவது கரண்டிக் குழம்பைப் பெட்டி இப்போது போடுகிறாள்.

நான் செய்வது பாவமா, அக்கா? உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.
சிரில்

வேலூர்
5 ஜனவரி 1944

அன்புள்ள தம்பி சிரிலுக்கு, அக்காவின் ஆசீர்வாதமும் புதுவருஷ வாழ்த்தும்.

தந்தி கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு நானும் அத்தானும் அழுதோம். குழந்தைக்கு மஞ்சள் கம்பளி நூலில் குல்லாய் பின்னி அனுப்பியிருக்கிறேன், பெங்களூர் குளிருக்கு ஆகும்.

தந்திக்குப் பிறகு நீ ஏதாவது கடிதம் எழுதினாயா? எனக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. சண்டைக்காலத் தபால், என்ன செய்வது? அதில் என்ன எழுதியிருந்தாலும் திரும்ப எழுதிச் சிரமப்படாதே.

இங்கே ஒரு அதிசயம். உன் அத்தான் போன ஞாயிற்றுக்கிழமை பொருளாளரிடம் தன் சம்பளத்தை உள்ளபடி சொன்னார். நான் பக்கத்திலேயே நின்றேன். பொருளாளருக்கு அதிர்ச்சியில் பேனா கீழே விழுந்துவிட்டது. இவருக்கு வேலையில் உயர்வு கிடைத்துவிட்டதாக நினைத்துக் கைகுலுக்கி வாழ்த்திவிட்டுப் போனார்.

நோரா தினமும் வேலைக்குப் போய் வருவதாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பச்சை உடம்பு, அதிகம் வருத்திக்கொள்ள வேண்டாம் என்று சொல். அவள் வரிசையில் இருக்கிற எல்லோருக்கும் என் அன்பைத் தெரிவி.

உன் அக்கா,
யூனிஸ்